பேரிடர் மீட்புக்குப் போய் வந்தவர் வீட்டில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும்

நான் அரசு மருத்துவமனையில் நெஞ்சகநோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தீயணைப்பு வீரர்களுக்கு 2004 சாதாரண வருடம் இல்லை. ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே வருடம் டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் உயிர்கள் போயின. இரண்டு இடத்துக்கும் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். மீட்புப் பணி முடிந்தது என்று செய்தியில் சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். போய் வந்தவருக்கு இருமல், நெஞ்செரிச்சல், மூச்சு வாங்குவது, தூக்கம் கெடுவது எல்லாம் அதற்கப்புறம் மெதுவாகத்தான் தொடங்கும். சிலருக்குப் பத்து, பதினைந்து வருடம் கழித்து.

அப்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "முன்னாடி எப்படி இருந்தது?" அதற்குக் கையில் பதில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். தீயணைப்பு, காவல், 108 ஆம்புலன்ஸ், பேரிடர் மீட்புப் படை, தூய்மைப் பணி, படகோடு ஓடி வந்த மீனவர் என்று யாராக இருந்தாலும், அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்கள்தான் முக்கியம், ஏனென்றால் ஃபைலைப் பார்த்துக்கொள்ளப் போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

நியூயார்க்கில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரம் விழுந்தபோது அந்த நகரத்தின் தீயணைப்புத் துறை 343 பேரை ஒரே நாளில் இழந்தது. மிச்சம் இருந்தவர்கள் மாதக்கணக்கில் அந்த இடிபாட்டில் வேலை பார்த்தார்கள். சிமெண்ட் தூள், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த தூசி அது. காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அரசுத் தரப்பில் ஒரு வாரத்துக்குள் அறிவித்தும் விட்டார்கள். 2023 செப்டம்பருக்குள், அந்தத் தூசியால் வந்த நோய்களில் இறந்த தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கையும் 343ஐத் தொட்டுவிட்டது.

தூசியால்தான் நோய் வந்தது என்று அவர்களால் எப்படி நிரூபிக்க முடிந்தது? சம்பவத்துக்குச் சில வருடம் முன்பிருந்தே அந்தத் துறை தன் ஆட்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய்து எண்களை எழுதி வைத்திருந்தது. முன்னால் எடுத்த எண்ணும் பின்னால் எடுத்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் ஒரே வருடத்தில் சராசரியாக 370 மில்லி லிட்டர் அளவுக்கு மூச்சுத் திறன் குறைந்திருந்தது. வயதால் மட்டும் அவ்வளவு குறையப் பன்னிரண்டு வருடம் ஆகும். ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பி வரவில்லை. இந்த மாதிரி ஆதாரங்களோடு வருடக்கணக்கில் போராடித்தான் 2011 ஜனவரியில் அவர்களுக்கென்று ஒரு மருத்துவச் சட்டம் வாங்கினார்கள். இப்போது அது 2090 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். வரும்வரை, நம் ஆளின் எண்ணை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.

ஃபைலில் என்ன வைப்பது

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் போதும். முதல் பக்கத்தில் ஒரு தாளில் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, பணியில் சேர்ந்த தேதி, புகைப் பழக்கம் உண்டா இல்லையா, இருந்தால் எந்த வருடம் விட்டார் என்று எழுதுங்கள். புகை விஷயத்தில் உண்மையை எழுதுங்கள். பின்னால் எந்த மருத்துவக் குழு முன்னால் போய் நின்றாலும் அதைத்தான் முதலில் கிளறுவார்கள்.

அடுத்தது, ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் ஒரு தாள். அவர் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, அன்றைக்கோ மறுநாளோ எழுதிவிட வேண்டும். எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை. புகையா, இடிபாட்டுத் தூசியா, சாக்கடை கலந்த வெள்ளமா, உடல் எடுக்கும் வேலையா, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவிய இடமா. பி.ஏ. செட் (முதுகில் காற்று சிலிண்டரோடு மாட்டும் மூச்சுக் கருவி) போட்டிருந்தாரா, வெறும் துணி மாஸ்க்கா, ஒன்றுமே இல்லையா. கூட இருந்த இரண்டு பேரின் பெயர். அன்றைக்கு உடம்பில் என்ன தெரிந்தது: கண் எரிச்சல், கறுப்புச் சளி, வாந்தி, காயம்.

கூட இருந்தவர் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். பதினைந்து வருடம் கழித்து "இவர் அங்கே இருந்தார்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பதிவேடுகள் கரையான் அரித்துப் போகும், நிலையம் வேறு கட்டடத்துக்கு மாறும். கூட வேலை பார்த்தவன் மறக்க மாட்டான்.

தூசி, புகை என்று பொதுவாக எழுதாமல் எது எரிந்தது, எது இடிந்தது என்று எழுதுங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் விழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் சுவாசித்தது சிமெண்ட் தூசி. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை நாள்கணக்கில் அணைத்தவர் சுவாசித்தது பிளாஸ்டிக் புகை. இரண்டும் உடம்பில் செய்யும் வேலை ஒன்றில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரை உடைந்திருந்தால் அதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். அந்த நார் உள்ளே போனால் நோய் தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம்.

அப்புறம், மருத்துவமனைக் காகிதங்கள். உள்நோயாளியாக இருந்தவரின் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் டாக்டர்களுக்கான விதி. நான் சொல்லும் நோய்கள் அந்த மூன்று வருடத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் முகம் காட்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே ஃபிலிம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. பரிசோதனை முடிவு வரும் வழவழப்புத் தாளில் எழுத்து சில வருடத்தில் மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், ஃபோனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

முதல் சில நாள்

சீருடை, கம்பூட், ஹெல்மெட் எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம். முடிந்தால் நிலையத்திலேயே கழற்றி அலசிவிட்டு வரட்டும். வீட்டில்தான் துவைக்க வேண்டும் என்றால் தனியாக, குழந்தைகள் துணியோடு சேர்க்காமல். தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் அறிவித்துவிட்டது. புகை மணம் பிடித்த சட்டையை வீரத்தின் அடையாளம் மாதிரி இளைஞர்கள் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

வெள்ளத்தில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. தண்ணீரில் இறங்கியதிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "வெள்ளத்தில் வேலை பார்த்தேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வரியைச் சொல்லாததால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. வெள்ளத்தில் இறங்கும் முன்னாலேயே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள், டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடலாம். டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை. இரண்டையும் அமைதியான நாளில் போட்டு, தேதியை ஃபைலில் எழுதிவிடுங்கள்.

உடல் எடுக்கும் வேலை பார்த்தவர்களைச் சில வீடுகளில் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். சுனாமியிலோ விபத்திலோ இறந்தவர்களின் உடலால் ஊருக்கே கொள்ளை நோய் வரும் என்பது உண்மை இல்லை. கையுறை போட்டு, கை கழுவி, குளித்துவிட்டு வந்தவரை வழக்கம்போல் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அந்த வேலையில் நுரையீரலுக்கு ஆபத்து உண்டாக்கியது பெரும்பாலும் மேலே தூவிய பிளீச்சிங் பவுடர்தான். காற்றுப் போகாத இடத்தில் அந்த நெடியை நிறைய இழுத்தவருக்கு ஒரே நாளில் ஆஸ்துமா மாதிரி வந்து, பிறகு வருடக்கணக்கில் நீடிக்கலாம்.

ஊதிப் பார்க்கும் டெஸ்ட்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஸ்பைரோமெட்ரி என்று பெயர், மருத்துவமனையில் பி.எஃப்.டி. என்பார்கள். மூக்கை கிளிப் போட்டு அடைத்து, ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சகநோய்ப் பிரிவில் செய்வார்கள்.

எப்போது எடுப்பது? பணியில் சேர்ந்ததும் ஒன்று. எந்தச் சம்பவமும் நடக்காத, சளி இருமல் இல்லாத நாளில் எடுக்க வேண்டும். அதுதான் ஆயுசுக்கும் ஒப்பிடப் போகும் எண். ஏற்கெனவே பல வருட சர்வீஸ் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, இந்த மாதம் எடுங்கள். அப்புறம் வருடம் ஒருமுறை, பிறந்தநாள் மாதத்தில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பெரிய தூசி, புகைச் சம்பவம் நடந்தால் ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று.

டெஸ்ட் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிடாமல் போங்கள், இறுக்கமான பேண்ட் வேண்டாம், பீடி சிகரெட் தொடக் கூடாது. இன்ஹேலர் எடுப்பவர் எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு நிறைய இழுத்து, பட்டென்று வெடிக்கிற மாதிரி ஊதி, ஆறு வினாடியாவது விடாமல் ஊத வேண்டும். பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் எண் தப்பாக வரும். குறைந்தது மூன்று தடவை ஊத வைப்பார்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி வர வேண்டும். கூடப் போகிறவர் பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும்" என்று சொல்லலாம். நான் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எண்கள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.இ.வி.1 என்று ஒரு வரி இருக்கும், முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது அது. பக்கத்தில் சதவீதமும் இருக்கும். தீயணைப்பு வேலைக்கு வருகிறவர்கள் ஓட்டமும் கயிறு ஏற்றமும் தாண்டி வந்தவர்கள். அவர்களில் பலருக்கு இந்த எண் சாதாரண ஆளைவிட அதிகமாக, 115, 120 சதவீதம் என்று இருக்கும். அப்படிப்பட்டவருக்கு 95க்கு இறங்கினாலும் காகிதத்தில் நார்மல்தான். ஆனால் அவர் நுரையீரலில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் போய்விட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குது என்று அவர் சொல்வார், எல்லாம் சரியாக இருக்கு என்று டாக்டர் சொல்வார், இரண்டு பேருமே உண்மைதான் சொல்வார்கள். பழைய தாள் கையில் இருந்தால்தான் நடந்தது தெரியும்.

ஒரு தாளில் வருடம், எஃப்.இ.வி.1 லிட்டரில், சதவீதம், எடை என்று நாலு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். புகைக்காத ஆளுக்கு வருடத்துக்கு 30 மில்லி லிட்டர் அளவில் குறைவது வயதின் கணக்கு. ஒரே வருடத்தில் 200, 300 குறைந்தால் மறுபடி ஊதிப் பார்த்து உறுதி செய்துகொண்டு நெஞ்சகநோய் டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா எக்ஸ்ரேயில் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் உண்டு, அது எல்லோருக்கும் பொது.

வயிறு, மூக்கு, முட்டி

நியூயார்க்கில் நுரையீரலோடு சேர்ந்து அதிகமாக வந்தவை நாள்பட்ட சைனஸும் நெஞ்செரிச்சலும். தூசி தொண்டை வழியாக வயிற்றுக்கும் போகிறது. ராத்திரிப் படுத்தால் புளித்து மேலே வருகிறது, அதனால் இருமல் வருகிறது, இருமலுக்கு சிரப் குடித்தால் நிற்கவே நிற்காது. நெஞ்செரிச்சல் என்று ஜெலுசில் பாட்டிலோடு ஒரு ஆள் வருடக்கணக்கில் ஓட்டினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாற்பது தாண்டியவருக்கு அதே எரிச்சல் திடீரென்று வந்து வியர்த்தால் அது வயிறு என்று முடிவு கட்டாமல் உடனே ஈ.சி.ஜி.

முதுகும் முட்டியும் எல்லோருக்கும் போகும். இடிபாட்டில் தூக்கியதும் ஸ்ட்ரெச்சர் சுமந்ததும்தான் காரணம் என்றால் அந்தச் சம்பவத் தாளிலேயே எழுதிவிடுங்கள். குறட்டை கூடி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனசு

கும்பகோணத்துக்குப் போய் வந்த ஒருவர் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடும்போதெல்லாம் மாடிப்படி எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கூரை ஓலையா ஓடா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். அதை நோய் என்று சொல்ல மாட்டேன், நல்ல அப்பா என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் ஜூலை மாதம் முழுக்க யாரோடும் பேச மாட்டார், இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், சின்னச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போடும். அது கவனிக்க வேண்டிய விஷயம்.

வந்த முதல் வாரத்தில் உட்கார வைத்து "என்ன பார்த்தே, சொல்லு" என்று துருவாதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள், "அதை மறந்துடுங்க" என்று வெட்டாதீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு, தூங்க இருட்டான அறை, வீட்டு வேலையில் ஏதாவது ஒன்று அவர் கையில், இது போதும். பக்கத்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிறகு வரும் தூக்கமின்மைக்கு அந்த வகை மாத்திரைகளை முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, எரிச்சல், சம்பவ இடத்துப் பக்கமே போகாமல் சுற்றிப் போவது, பிள்ளைகளிடம் கூட ஒட்டாமல் இருப்பது, இதெல்லாம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமனஸ் மனநலத் தொலைபேசிச் சேவை ராத்திரியிலும் தமிழில் பேசும். இதற்குப் பேச்சு வழி சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு, குணமானவர்களைப் பார்த்திருக்கிறேன். "ரெக்கார்டில் ஏறிவிடும், புரமோஷன் போய்விடும்" என்று சீருடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த விவரம் ரகசியம்.

குடியைப் பற்றி மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு மாதத்துக்கு ஒரு நாள் குடித்தவர் தினமும் குடிக்க ஆரம்பித்தால், அது எந்தத் தேதிக்குப் பிறகு என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் "குடிக்கிறார்" என்று மட்டும் சொன்னால் குடிக்கு வைத்தியம் பார்ப்பார்கள். "அந்தச் சம்பவத்துக்குப் பிறகு குடிக்கிறார், தூங்கத்தான் குடிக்கிறார்" என்று சொன்னால் வைத்தியமே வேறு. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

காகிதம் கேட்டு வாங்குவது

பணியில் இருக்கும்போதே, சம்பவ இடத்தில் காயமோ மூச்சுத் திணறலோ வந்தால் நிலையப் பதிவேட்டில் எழுத வைத்து, பணிப்பதிவேட்டிலும் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய சம்பவத்துக்கு ஆதாரம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இவ்வளவு எழுதினால் போதும்:

"இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன இடத்தில் நடந்த மீட்புப் பணிக்கு இன்ன நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட பணியாளர்களின் பெயர்ப் பட்டியல், எனது பணி ஒதுக்கீட்டு ஆணை, அந்நாட்களுக்கான நிலையப் பதிவேட்டுப் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வழங்க வேண்டுகிறேன்."

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம். நோய் உறுதியானதும், அது வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று டாக்டரை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஃபைலைக் காட்டினால் எழுதுவார்கள். அப்புறம் இழப்பீட்டுக்குத் தாமதிக்க வேண்டாம், அதற்குக் காலக்கெடு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார், அழைக்க வேண்டிய எண் 15100. ஓய்வு பெறும் வருடத்திலேயே பணிப்பதிவேட்டின் முழு நகலை வாங்கிவிடுங்கள். ஓய்வுக்குப் பிறகும் வருடாந்தர டெஸ்ட்டை நிறுத்தாதீர்கள், நோய்க்கு ஓய்வு தேதி தெரியாது.

பதிவேட்டில் பெயரே இல்லாதவர்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குள் மீனவர்கள் படகைக் கொண்டு வந்து ஆட்களை ஏற்றினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்களைக் கூட்டி வந்து அழுகிய குப்பையை அள்ள வைத்தார்கள். பலர் கையில் கையுறைகூட இல்லை. தீயணைப்பு வீரருக்காவது பணிப்பதிவேடு இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அவர் அங்கே போனதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. எனக்கு இதுதான் தாங்க முடியாத கோபம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இதைச் செய்யுங்கள். வேலை செய்யும் இடத்தில், அடையாளம் தெரிகிற ஒரு கட்டடமோ பெயர்ப் பலகையோ பின்னால் தெரிய, தினமும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்புங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். ஏற்றிப் போன வண்டியின் எண், மேஸ்திரி பெயர், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு வரி, சாப்பாட்டு டோக்கன் எல்லாவற்றையும் வையுங்கள். வேலை முடிந்து கிளம்பும் முன், உள்ளாட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ, மீனவர் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலோ, இன்ன தேதிகளில் மீட்புப் பணியில் இருந்தார் என்று ஒரு வரி எழுதி முத்திரையோடு வாங்கப் பாருங்கள். தனியாகப் போனால் அலைய விடுவார்கள். பத்துப் பேராக, சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் போங்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில், குழுவாகவே போய் அரசு மருத்துவமனையில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டு, எந்தப் பணியில் இருந்தீர்கள் என்பதை வெளிநோயாளி சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டாக்டர் கையெழுத்தும் தேதியும் இருக்கும் அந்தச் சீட்டே நாளைக்கு உங்கள் ஆவணம். ஃபைலில் முதல் தாளாக அதை வையுங்கள்.